வெறுங்காலோடு ஏறும் தாணுமாலையன்

செருப்பைப் பட்டறை வாசலில் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு காரின் இடப்பக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டார் தாணுமாலையன். சன்னதிக்குள் நுழைகிற ஆள் மாதிரிதான்.

"இனி எடுங்க டீச்சர். நான் காலால கேக்கேன்."

பேட்டையில் வீல் அலைன்மென்ட் பட்டறை வைத்து இருபத்தோரு வருஷமாகிறது. கம்ப்யூட்டர் உண்டு, அதன் தலைமேல் சாப்பாட்டுத் தூக்கு இருக்கும். மனுஷருக்கு இரண்டு கிறுக்கு. ஒன்று இந்த வெறுங்கால். மற்றது, கோளாறு அகப்பட்டதும் ஸ்பேனரால் இரும்புத் தூணில் மூன்று தட்டுத் தட்டி, என்ன கோளாறு, எந்தப் புண்ணியவான் செய்த வேலை என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்துவிடுவது. எதிர் டீக்கடையில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுப்பார்கள். எத்தனையோ பேர் மானம் அந்தத் தூணடியில் போயிருக்கிறது.

இன்றைக்கு வந்திருப்பது இருபத்தாறு வயசான சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. ரிட்டயர்டு பிஸிக்ஸ் டீச்சர் சங்கரிக்கு அதுதான் உயிர். வளைவில் ஆக்ஸிலேட்டரை விட்டுக் காலை எடுத்தால் பின்பக்கம் வெளியே ஓடுகிறது. போன மாதம் பாபநாசம் மலைப்பாதையில் மயிரிழையில் தப்பினார். டயர் மாற்றியாயிற்று, ஷாக் அப்சார்பர் மாற்றியாயிற்று, மூன்று பட்டறையில் அலைன்மென்ட் பார்த்தாயிற்று. எல்லாம் சரி என்கிறார்கள். கணவர் தில்லைநாயகம் கறாராகச் சொல்லிவிட்டார், வண்டியை விற்றே ஆகவேண்டுமென்று. மதுரையிலிருந்து வாங்குகிறவர் நாலு மணிக்கு வருகிறார். அதற்குள் கோளாறு அகப்படாவிட்டால் சாவி கைமாறிவிடும்.

பட்டறையிலிருந்து பார்த்தாலே தெரியும், சேரன்மகாதேவி சாலையின் பெரிய வளைவு. அங்கே வந்ததும் டீச்சரைக் காலை எடுக்கச் சொன்னார் தாணுமாலையன். கார் இடுப்பை ஒரு வெட்டு வெட்டியது. டீச்சர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். தாணுமாலையனோ கண்ணைத் திறக்காமலே சிரிக்கிறார். அப்படியொரு சந்தோஷம் அவருக்கு, கை மயிரெல்லாம் சிலிர்த்து நிற்கிறது.

"இடது பின்சக்கரம் தானா திரும்புது டீச்சர். நிக்கும்போது எல்லா வண்டியும் யோக்கியந்தான். ஓடும்போதுல்லா பாக்கணும்."

திரும்பி வந்ததும், பட்டறையில் காத்திருந்த தில்லைநாயகத்திடம் கை நீட்டித் திருநீறு கேட்டார். நெல்லையப்பர் கோயில் பொட்டலம் அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். பூசிக்கொள்ளவா கேட்டார்? தண்ணீரில் குழைத்துக் காருக்கு அடியில் படுத்தார். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கை ஒவ்வொன்றும் வண்டியோடு சேருமிடத்தில் புஷ் என்று ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு கீற்று இழுத்தார். எது அளவுக்கு மீறி அசைகிறதோ அதன் கீற்று உதிர்ந்துவிடும். கீற்று காய்ந்ததும் மறுபடி அதே வளைவு, அதே வெட்டு.

லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால், மற்ற கீற்றெல்லாம் லேசான விரிசலோடு நிற்க, இடப்பக்கத்தது ஒன்று மட்டும் பொடிப்பொடியாய் உதிர்ந்து கிடக்கிறது. அம்புட்டுக்கிட்டான் என்று துள்ளினார் தாணுமாலையன். விரலை வைத்தால் ரப்பர் கொழகொழவென்று வருகிறது. ஸ்பேனரை ஓங்கிவிட்டார். டீக்கடையில் கிளாஸ்கள் இறங்கின. ரப்பர் ஒட்டிய விரலை மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார்.

நல்லெண்ணெய் வாசம்.

அன்றைக்குச் சனிக்கிழமை. தில்லைநாயகத்தின் காதோரம் எண்ணெய்க்குளியல் மினுமினுப்பு. டீச்சர் வாசலில் போனில் மதுரைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் கோவில்பட்டி தாண்டிவிட்டாராம். தாணுமாலையன் குரலைத் தணித்துக் கேட்டார்.

"இந்தப் பக்கம் கீச்சுன்னு சத்தம் வந்துச்சோ அண்ணாச்சி?"

தில்லைநாயகம் தரையைப் பார்த்தார். "வரும்வே. அது கேட்டா அவ முகம் வாடிரும். அதான் சனிக்கிழமை தோறும், என் தலைக்கு வச்சது போக ஒரு கரண்டி..."

அந்த வண்டியில் ஒருநாள்கூட ஏறாத மனுஷர்! ஸ்பேனர் பைய இறங்கியது.

"இனிமே தலைக்கு மட்டும் வையுங்க அண்ணாச்சி. எண்ணெய் பட்டா ரப்பர் செத்துப் போகும்."

போனை வைத்துவிட்டு டீச்சர் ஓடிவந்து என்ன கோளாறு என்று கேட்டார். ரப்பருக்கு வயசாகிவிட்டது என்று தாணுமாலையன் ஒரே போடாகப் போட்டார். உதிரிச் சாமான் டப்பாவைக் கவிழ்த்து அதே அளவில் புது புஷ்களைத் தேடி எடுத்து அழுத்தி ஏற்றினார். கழற்றிய ரப்பரைப் பார்க்கவேண்டுமென்று டீச்சர் கை நீட்டியபோது அது தாணுமாலையனின் காக்கிச் சட்டைப்பைக்குள் போயிருந்தது.

மூன்றாம் ஓட்டம். வளைவில் டீச்சர் காலை எடுத்தார். வண்டி கோடு கிழித்த மாதிரி திரும்பியது. பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கூவிக்கொண்டே திரும்பி வந்தார் அறுபத்தொரு வயசு டீச்சர்.

போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை தில்லைநாயகம் எடுத்தார். "விக்கதா இல்லே. அங்கனயே திரும்பிருங்க. மன்னிச்சுக்கிடுங்க."

தாணுமாலையன் இறங்கி, கதவை அவருக்காகத் திறந்தபடி பிடித்துக்கொண்டார். தில்லைநாயகம் முருகா முருகா என்றபடியே ஏறினார். சிவப்புக் கார் வளைவில் வழுக்காமல் திரும்பி மறைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றார் தாணுமாலையன். பிறகு ஸ்பேனரை எடுத்து, தூணே அதிரும்படி மூன்று தட்டுத் தட்டினார்.

எந்தப் புண்ணியவான் என்று டீக்கடை கேட்டது. அவர் பையிலிருந்த ரப்பரைக் குப்பை டிரம்மில் போட்டுவிட்டு, விரலில் ஒட்டிய நல்லெண்ணெயைத் தன் உச்சந்தலையில் தடவிக்கொண்டார்.