தம்பியின் முன்பற்கள்

என் தம்பிக்கு அப்போது ஐந்து வயது. டாக்டர்களுக்கே எளிதில் வாயில் நுழையாத பெயருள்ள ஓர் அபூர்வ நோய் அவனுக்குப் பிறவியிலேயே இருந்தது. திடீரென்று தன் உதட்டையும் விரல்களையும் ரத்தம் வரக் கடிப்பான். வலியில் கதறுவான், ஆனாலும் நிறுத்த அவனால் ஆகாது. அம்மா பழைய துவர்த்துத் துண்டால் அவன் கைகளை நாற்காலியோடு கட்டி வைப்பாள். கட்டினால் சிரிப்பான், அவிழ்த்தால் அழுவான். விசித்திரமான பிள்ளை என்று நினைத்துக்கொள்வேன். இத்தனைக்கும் வீட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் அவன்தான்.

கருங்கல் ஊரில் இருந்த பல் டாக்டர், பல்லுக்கு உறை போட்டுப் பார்ப்போம், சரிவராவிட்டால் முன்பற்களைப் பறித்துவிடலாம் என்றார். பறிப்பது என்ற பேச்சையே அம்மா எடுக்கவிடவில்லை. கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த மாமாவுக்கு உடனே வீரம் வந்துவிட்டது.

“ரப்பர் உறைக்கு நாம கருங்கல்லுக்குப் போணுமா?” என்று ரப்பர் பாலை உறையவைத்துக் கொண்டுவந்தார். தம்பி வாயைக் காட்டினால்தானே. அளவை என் வாயில் எடுத்தார். எனக்கோ முன்பல் இரண்டும் விழுந்து ஓட்டையாகக் கிடந்த காலம். உறை எந்த லட்சணத்தில் வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. நாற்றம் வேறு. தம்பி அதைத் துப்பிவிட்டு, என் ஓட்டை வாயையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமாவின் கைவேலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து டாக்டர் சிரித்தார். பிறகு பொறுமையாகத் தம்பியின் வாயிலேயே அளவெடுத்து, மெத்தென்று ஓர் உறை செய்து கொடுத்தார். அதையும் கடித்துத் துண்டாக்கினான். ஒருநாள் கீழுதடு கிழிந்து தொங்கியபோது அம்மாவே, “பறிச்சிருங்க சாரே” என்றாள்.

நாகர்கோவிலில் மயக்கம் கொடுத்துப் பறித்தார்கள். காயம் ஆறியதும் அம்மா துவர்த்தைத் துவைத்துக் கொடியில் போட்டாள். தம்பி கைகளை வீசிக்கொண்டு தூங்கினான். மாமா தன் புது கேமரா போனில் எங்கள் இரண்டு ஓட்டை வாய்களையும் சேர்த்துப் படம் எடுத்தார். எனக்கு ஒரே பெருமை.

கொஞ்ச நாளில் எனக்குப் புதுப்பல் எட்டிப் பார்த்தது. ஓடிப்போய் அவனிடம்தான் முதலில் காட்டினேன். அவன் ஏங்கிப்போகக் கூடாதே என்று, “ஒனக்கும் மொளைக்கும் மக்கா” என்றேன்.

அவன் சிரிப்பு நின்றது. என் பல்லை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு கொடியில் கிடந்த துவர்த்தைப் பார்த்தபடியே அம்மாவிடம் இரண்டு கைகளையும் நீட்டினான். அம்மா அவனை வாரி அணைத்துக்கொண்டு அழுதாள். நல்ல சேதி சொன்னதற்கு அம்மா ஏன் இப்படி அழுகிறாள் என்று நான் திகைத்து நின்றேன்.