இரண்டு லீற்றர் பையும் கண்டக்குழிக் கரையும்

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் என் இடது சிறுநீரகத்திலிருந்து ஒரு கல்லை எடுத்தார்கள். இந்த வருடம் ஆனியில் கதிர்காமத்துக்கு நடந்து போகிற கூட்டத்தில் என் பெயரும் இருக்கிறது. இரண்டையும் கேட்ட டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "நடக்கலாம். ஆனால் நாளுக்கு மூன்று லீற்றராவது குடிக்க வேண்டும். குடிக்காமல் வெய்யிலில் நடந்தால் கதிர்காமத்துக்கு முன்னம் என்னட்டைத்தான் வருவீங்கள்" என்றார்.

அன்றைக்கே என் கணவர் ஒரு நிபந்தனை போட்டார். பங்குனி முடிவதற்குள் ஒரு ஒத்திகை நடை. அதில் மதியத்துக்குள் இரண்டு லீற்றர் குடித்துக் காட்டினால் யாத்திரை. இல்லாவிட்டால் வீட்டில் இருந்து தொலைக்காட்சியில் கொடியேற்றம் பார்க்க வேண்டியதுதான். அவர் ஒரு பொருளை வாங்குமுன் அதைப் பற்றி உலகத்தில் எழுதியதெல்லாம் வாசிக்கிற மனிதர். புத்தளத்தில் எங்கள் வீட்டு மின்விசிறிக்கே மூன்று மாதம் எடுத்தது. தண்ணீர்ப் பை என்றால் கேட்கவா வேண்டும்.

இந்தப் பையைத் தெரியாதவர்களுக்கு: முதுகுப்பைக்குள் தட்டையாக வைக்கிற, தண்ணீர் நிரப்பும் மெல்லிய பை. அடியிலிருந்து ஒரு குழாய் தோள்பட்டை வழியாக வாய்க்கு வரும். முனையைக் கடித்து உறிஞ்சினால் தண்ணீர் வரும். நடையை நிறுத்தத் தேவையில்லை. ஆங்கிலத்தில் இதற்கும் நம் உடம்பில் சிறுநீர் தங்குகிற சலப்பைக்கும் ஒரே பெயர். பெயர் வைத்தவருக்கு விசயம் தெரிந்திருக்கிறது.

ஒன்றரை, இரண்டு, மூன்று லீற்றர் அளவுகளில் கிடைக்கிறது. மூன்று லீற்றர் என்றால் முதுகில் மூன்று கிலோ. என் உயரத்துக்கு அது வேண்டாத வேலை. வாய் இரண்டு வகை. திருகுமூடி உள்ளது நிரப்பச் சுகம், ஆனால் கை உள்ளே போகாது, கழுவ முடியாது. மேல்விளிம்பு முழுவதும் திறந்து, மடித்துப் பூட்டுகிறது கழுவச் சுகம், ஆனால் ஒரு கையால் பூட்ட முடியாது. நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். குழாய் முனையில் பூட்டு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இல்லாவிட்டால் பஸ்ஸில் யாராவது உங்கள் மேல் சாய, உங்கள் மடி நனையும். கொழும்பில் ஆறாயிரத்துச் சொச்சம் கொடுத்தோம். முதல் இரண்டு நாளும் தண்ணீர் பிளாஸ்டிக் மணத்தது. அப்பச்சோடா கலந்த தண்ணீரை இரவு முழுக்க ஊறவிட்டுக் கழுவியபிறகு போய்விட்டது.

புத்தளத்திலிருந்து காலை ஐந்தரைக்கு கற்பிட்டி பஸ். கண்டக்குழிச் சந்தியில் இறங்கி, கடற்கரைக்கு ஓட்டோவில் முந்நூறு ரூபா. ஓட்டோக்காரர் கண்ணாடியில் என் தோளில் தொங்கிய குழாயையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"மிஸ்ஸுக்கு இழுப்பா?" என்றார் கடைசியில்.

"இல்லை, தண்ணி குடிக்கிறதுக்கு."

"போத்தல் இல்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

ஏழரைக்கு நானும் கணவரும் கரையில் நடக்கத் தொடங்கினோம். திட்டம், தெற்கே ஆலங்குடா வரை. கைபேசிக் கணக்கில் பதினைந்து கிலோமீற்றர் வரும். பங்குனியில் கடல் அடங்கிக் கிடக்கும், காற்றும் குறைவு. அலை நனைத்த ஈர மணலில் நடந்தால் கால் புதையாது. காய்ந்த மணலில் இறங்கினால் ஒரு கிலோமீற்றர் மூன்றாகும். வலப்பக்கம் கடல், இடப்பக்கம் படகுகள், வலைகள், வாடி என்கிற மீன்பிடிகாரரின் கொட்டில்கள், இடைக்கிடை உல்லாசப் பயணிகளுக்கான விடுதிகள். நிழல் என்ற ஒன்று இல்லை. மறைவு என்ற ஒன்றும் இல்லை. எங்கு திரும்பினாலும் ஒரு மனிதர் வலை பொறுக்கிக்கொண்டிருப்பார்.

"குடிச்சனீரோ?" இவர் பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் கேட்டார்.

"ஓம்."

குழாய் முனையைக் கடித்தேன், உறிஞ்சவில்லை. கன்னத்தை மட்டும் உள்ளே இழுத்தேன். இது எனக்குப் பழகிய கலை. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் தொடங்கியது. கொழும்பு பஸ்ஸில், கல்யாண வீடுகளில், வேலை செய்கிற கந்தோரில் நன்றாகத் தேர்ந்துவிட்டது. காலையில் ஒரு மிடறு தேத்தண்ணீர், பிறகு வீடு திரும்பும்வரை வாயைக் கட்டு. வயிற்றைக் கட்டுவதைப் பற்றித்தான் ஊரில் பேசுவார்கள். வாயைக் கட்டுவதற்கு எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை, தானாக வரும்.

நான்கு கிலோமீற்றர் அளவில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் பார்க்கப் போனார். இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று நினைத்தேன். கவிழ்த்து வைத்திருந்த ஒரு படகின் பின்னால் குந்தி, முதுகுப்பையிலிருந்து தண்ணீர்ப் பையை வெளியே எடுத்து, முனையைக் கழற்றி, குழாயை மணலில் விட்டேன். பாதியை ஊற்றினால் போதும். நிபந்தனையும் நிறைவேறும், யாத்திரையும் நடக்கும். பைக்குள் இவர் தோடம்பழ (ஆரஞ்சு) வாசனையுள்ள உப்புத்தூள் கலந்திருந்தார். ஆகவே மணலில் இறங்கியது நல்ல மஞ்சள் நிறம். வெய்யிலில் சூடாகியும் இருந்தது.

"அல்லாவே! ஏன் பிள்ள இங்கன குந்திக்கிட்டு?"

நிமிர்ந்து பார்த்தேன். கையில் கருவாட்டுக் கூடையோடு ஒரு பெண் நின்றா. ஐம்பது வயதிருக்கும். என் முகத்தையும் பையையும் குழாயையும் மணலையும் வரிசையாகப் பார்த்தா. முகம் இளகிவிட்டது.

"வெக்கப்படாதீங்க. எங்கட வாப்பாக்கும் கடைசிக் காலத்துல இப்பிடித்தான் பை போட்டு ஈந்திச்சு. மண்ணுல ஊத்தாதீங்க, வாங்க, ஊட்டுல கக்கூஸ் ஈக்குது. இந்த வயசுல உங்களுக்கு இப்பிடி வந்திச்சே, ரப்பே."

விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் அவ சொன்னதில் ஒரே ஒரு சொல்தான் என் காதில் நின்றது. எழும்பி அவவின் பின்னால் போய்விட்டேன்.

வீடு வாடிகளுக்குப் பின்னால், தென்னைகளுக்கு நடுவில். கக்கூஸ் சுத்தமாக இருந்தது; வாளி நிறையத் தண்ணீர், உள்ளே கொளுக்கி. ஒரு வீட்டுக் கொளுக்கியைக் கண்டு அவ்வளவு சந்தோசப்பட்டது எனக்கே வெட்கமாக இருந்தது. வெளியே வந்ததும் உண்மையைச் சொன்னேன். ஜெஸீமா தாத்தா (அவவின் பெயர் அது; அவர்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள்) பையை வாங்கி மணந்து பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தா.

"அப்ப குடிக்கிற தண்ணியயா ஊத்தினீங்க? ஏன்?"

"குடிச்சாப் போகவேணுமே, தாத்தா. இந்தக் கரையில எங்க போறது?"

சிரிப்பு நின்றது. "அதுதானே" என்றா. "கருவாடு காயப் போடுற நாள்ல நாங்களும் லுஹர் வரைக்கும் வாய நனைக்கிறல்ல. வாடி தூரமாப் போட்டா அஸர் வரைக்கும்தான். ஆம்புளைகளுக்கு என்ன, கடல் பெரிசு."

லுஹர் என்றால் மதியத் தொழுகை, அஸர் என்றால் பின்நேரத் தொழுகை. வீட்டில் கக்கூஸ் வைத்திருக்கிறவவுக்கும் அதே கதைதான்.

இவர் தேடிக்கொண்டு வந்தார். பையைத் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பாத்தீரே, நல்ல பை. ஒரு லீற்றருக்கு மேல குடிச்சிட்டீர்."

சும்மா இருந்திருந்தால் விசயம் முடிந்திருக்கும். ஆனால் அந்த முகத்தைப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது. பாவம், அவர் ஒன்றும் செய்யவில்லை. அதுதான் கோபம்.

"குடிக்கேல்ல. மண்ணுக்கு ஊத்தினது."

"ஏன்?"

சொன்னேன். பதினாறு வருடமாகச் சேர்ந்து பயணம் போகிறோம். எந்தப் பனையின் பின்னாலும் போய்விட்டு வந்து, "நீர் சரியான கெட்டி, எவ்வளவு தூரமும் தாங்குவீர்" என்று என்னை மெச்சுகிற மனிதர். "நான் வாசிச்ச ஒண்டிலையும் இது இல்லை" என்றார். அது உண்மை. எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு குளிராக இருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். வெளியே வருவதைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஜெஸீமா தாத்தா ஆறவைத்த தண்ணீரால் பையை நிரப்பித் தந்தா. பிறகு நடந்தது வேறு நடை. வழி கேட்கவே கூச்சப்படுகிற இவர், முன்னால் போய் ஒவ்வொரு விடுதி வாசலிலும் தலையைச் சொறிந்துகொண்டு, "இவவுக்கு ஒருக்கால் கக்கூஸ் பாவிக்கலாமோ?" என்று கேட்டார். இரண்டு இடத்தில் விட்டார்கள், ஒரு இடத்தில் தங்குகிறவர்களுக்கு மட்டும் என்றார்கள். அடுத்த கதவு இருக்கிறது என்று தெரிந்தபோது நானாகவே உறிஞ்சினேன். தாகம் என்பது எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஆலங்குடாவுக்கு ஒன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது குழாயில் காற்றுத்தான் வந்தது. தலையிடி இல்லை, இடுப்பில் அந்தப் பழைய இழுவை இல்லை. அங்கிருந்து ஓட்டோவில் பெரிய வீதிக்கு வந்து, புத்தளம் பஸ் பிடித்தோம்.

போக நினைப்பவர்களுக்கு: மாசி, பங்குனி நல்லது, வைகாசிக்குப் பிறகு காற்று மணலை முகத்தில் அடிக்கும். ஏழு மணிக்கு முன் தொடங்குங்கள், நாங்கள் பிந்திவிட்டோம். பை இரண்டு லீற்றர் போதும், ஆனால் வழியில் நிரப்புமிடம் தெரிந்திருக்க வேண்டும். குடித்து முடித்ததும் குழாயில் நிற்கும் தண்ணீரை ஊதிப் பைக்குள் திருப்பி விடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மிடறு தேத்தண்ணீர்ச் சூட்டில் வரும். உப்புத்தூள், சீனி ஒன்றும் பைக்குள் போடவேண்டாம். குழாய்க்குள் பிடித்த பூஞ்சணத்தை எடுக்க எனக்கு ஒரு கிழமை போனது. அதைத் தனிப் போத்தலில் கரையுங்கள். பெண்கள் இருக்கிற கூட்டமென்றால் மறைவு கட்ட நான்கு தடியும் ஒரு பழஞ்சேலையும் கொண்டு போங்கள். எங்கே நிற்கலாம் என்று முதல்நாளே கேட்டு வையுங்கள். ஆண்களே முன்னால் போய்க் கேளுங்கள், கூச்சம் ஒரு நாளில் போய்விடும்.

யாத்திரைக்கு நான் போகிறேன். அன்றிரவு இவர் யாத்திரைக் குழுவின் வட்சப்பில், தங்குமிடங்களுக்கு இடையில் பெண்களுக்கு எங்கெங்கே வசதி இருக்கிறது என்று கேட்டு எழுதினார். அன்னதான மடங்களும் தண்ணீர்த் தொட்டிகளும் கிலோமீற்றர் கணக்கில் இருந்த அந்தக் குழுவில், ஒழுங்கு செய்கிறவர் ஒரு கும்பிடு கையை மட்டும் போட்டார். வேறொருவரும் வாய் திறக்கவில்லை.

ஆனால் என் கைபேசிக்குத் தனித்தனியாக வரத் தொடங்கியது. "நானும் குடிக்கிறேல்ல அக்கா." "போன முறை எனக்கு மயக்கம் வந்தது இதாலதான், ஒருத்தருக்கும் சொல்லேல்ல." கடைசியாக எழுதியவ பத்து வருடத்துக்கு மேலாக அந்த வழியில் நடக்கிறவ, கூட்டத்தில் எல்லோரும் காலில் விழுந்து கும்பிடுகிறவ.

"பிள்ளை, உங்கட மனுசனுக்கு என்ர நன்றியைச் சொல்லும். இத்தனை வருசமும் அந்தக் காட்டுக்குள்ள நான் முருகனைத் தேடினதிலும் பாக்க, ஒதுங்க ஒரு பற்றை மறைவு தேடினதுதான் கூட."