மடியில் போட்ட தோட்டம்

மொக்கச்சாமி அண்ணன் பெரிய புத்திசாலி. அதை அவரே அடிக்கடி சொல்வார். எந்த ஏலச்செடி எப்போது பூக்கும் என்று தெரிந்த மனிதருக்கு, தான் எப்போது போய்ச் சேருவோம் என்பது மட்டும் தெரியவில்லை. "ஒரு உயில் எழுதி வச்சிருங்கண்ணே" என்று ஜீப்பில் வரும்போது ஒருமுறை சொல்லித் தொலைத்தேன். "எமனுக்கு நானே வெத்தல பாக்கு வைக்கணுமாடா சின்ராசு?" என்று பாய்ந்தார். சித்திரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வெற்றிலை பாக்கு வைக்கவில்லையே என்று எமன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

சிலமலையிலிருந்து ஏலக்காய் எடுக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மலைக்குப் போவது என் பிழைப்பு. ஆள் சேர்ப்பது வேலுத்தாயக்கா. அவள் கூப்பிட்டால்தான் ஜீப்பு நிறையும். போடியில் மனைவி குருவம்மாளோடு சண்டை போட்டு மலையேறிய மொக்கச்சாமிக்கு இருபது வருஷம் சோறாக்கிப் போட்டதும், புல்லு மேடாகக் கிடந்த சரிவைத் தோட்டமாக்கியதும் இந்த அக்காதான். தோட்டத்துக் கருப்பசாமி கல் முன்னால் அண்ணன் அவளுக்கு மஞ்சள் கயிறு கட்டினார். அக்காவுக்குப் பிள்ளை இல்லை.

வருஷா வருஷம் முதல் காய் எடுப்பன்று கருப்பசாமிக்குப் பொங்கல் வைப்போம். முதல் கைப்பிடிக் காயை அவள் மடியில் போட்டு, "இந்தத் தோட்டம் ஒனக்குத்தான் புள்ள" என்பார் அண்ணன். பெண்கள் குலவை போடுவார்கள். நான் பொங்கல் தின்பேன். அத்தோடு பத்திரப்பதிவு முடிந்தது!

கருமாதி முடிந்ததும் அக்காவைக் கூட்டிக்கொண்டு வக்கீலிடம் போனேன்.

"எழுதி வச்சாராம்மா?"

"வாயால சொன்னாரு சார். வருஷம் தவறாம."

"உயில்னா எழுதணும், ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

"சாட்சி ஒரு ஜீப்பு நெறைய இருக்காங்க சார்" என்றேன் நான். வக்கீல் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயில் இல்லாததால் குருவம்மாள், அவள் மகன், மகள் மூவருக்கும் சம பங்கு என்றார். முதல் மனைவி இருக்கும்போது கட்டிய கயிறு சட்டத்தில் கயிறே இல்லையாம். குருவம்மாளைக் குறை சொல்ல மாட்டேன், அவளும் புருஷனைத் தொலைத்தவள்தான். ஆனால் தோட்டம் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

மகன் மகாராஜன் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். ஜீப்பில் மூன்று வளைவுக்கு ஒருமுறை வாந்தி எடுத்தபடி வந்து சேர்ந்தான். வந்த களைப்போடு தாராள மனசையும் காட்டினான்.

"வீட்ட மட்டும் காலி பண்ணிருங்க. கூலிக்கு எப்பவும் போல வரலாம்."

அக்கா ரெண்டு பையோடு இறங்கி வந்து சிலமலையில் தம்பி வீட்டில் ஒண்டிக்கொண்டாள். ஆடி பிறந்ததும் எதிர்ச்சரிவிலுள்ள வேறொரு தோட்டத்துக்குக் கூலிக்குப் போனாள். பெண்களும் அவளோடு போனார்கள், என் ஜீப்பும் போனது.

மகாராஜன் செல்போனில் பார்த்துப் படித்துக்கொண்டு, டவுனில் கிடைத்த ஆட்களை ஏற்றிப் போய்க் காய் எடுத்தான். முற்றிய காயை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். அவர்கள் பிஞ்சு, காய், பூ என்று பாரபட்சமில்லாமல் உருவினார்கள். உலர்த்திப் பார்த்தால் எல்லாம் சுருங்கிச் சருகாகிவிட்டது.

அடுத்த எடுப்புக்கு ஆள் இல்லை. "மொதக் காய வேலுத்தாய் மடியில போடாம கருப்பன் எப்பிடிய்யா வெளங்க விடுவாரு?" என்று எவளோ அவனிடம் கொளுத்திப் போட்டிருக்கிறாள். ஒருநாள் விடியற்காலை சிலமலையில் ஜீப்பு கிளம்பும் நேரம், கையில் பச்சைக் காயோடு வந்து நின்றான்.

"ஆத்தா, மடிய ஏந்துங்க. நம்ம தோட்டத்துக் காயி. இனிமே நீங்கதான் எல்லாம் பாத்துக்கணும்."

ஆத்தாவாம்! அக்காவின் கை முந்தானைக்குப் போனது, பழக்கம். பாதியில் நின்றுவிட்டது.

"ஒங்கப்பாவும் இப்பிடித்தேன் போட்டாரு அப்பு. காயி வேணாம். எழுதிக் கொண்டா."

"சாட்சிக்கு நாங்க இருக்கோம்!" என்று பின்சீட்டிலிருந்து பாண்டீஸ்வரி கத்தினாள். பெண்கள் குலவை போட்டார்கள். அவன் நீட்டிய கையோடு நின்றான்.

"வண்டிய எடு சின்ராசு, சோலி கெடக்கு" என்றாள் அக்கா.

மெட்டு தாண்டியதும் அவள் நட்ட தோட்டம் வலது பக்கம் வரும். அந்த இடத்தில் அவள் இடது பக்கம் திரும்பி, சும்மா கிடந்த பாறையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.