பூனைக்குக் கீழே ஒரு பொத்தான்

எடை மெஷின் பழுதுபார்ப்பது என் தொழில். கொச்சியில், கொச்சங்காடி என்ற இடத்தில், இஞ்சியும் மிளகும் மூட்டை மூட்டையாக அடைந்து கிடக்கும் கிடங்குகளுக்கு நடுவே என் கடை. முன்னால் ஒரு ஷட்டர், உள்ளே ஒரு மேசை, அவ்வளவுதான். நாலு தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கிற தமிழ்க் குடும்பம் எங்களுடையது. பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழ் எழுதப் படிக்க நானாகக் கற்றுக்கொண்டேன். இனிமேல் சொல்லப்போவதில் நான் பெருமைப்பட ஒன்றும் கிடையாது என்பதால் இதையாவது முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

இந்த ஊர் உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. தராசுக்குள் இருக்கும் போர்டுகள் இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிகம். அப்படிச் செத்துப்போகிற போர்டுகளுக்குப் பதிலாக நான் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் போர்டைப் போட ஆரம்பித்தேன். உள்ளங்கை அகலம்தான், அதற்குள்ளேயே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். சின்னக் கம்பெனி. அவர்கள் செய்த பெரிய காரியம், போர்டின் வரைபடத்தையும் அதில் ஓடும் நிரலையும் ஒளிக்காமல் இணையத்தில் திறந்து போட்டதுதான். யாரும் பார்க்கலாம், மாற்றலாம், தானே செய்து விற்கலாம். மாற்றினால் அந்த மாற்றத்தையும் எல்லோருக்கும் திறந்துவைக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. உலகம் முழுக்க என்னைப் போன்ற கைவேலைக்காரர்கள் அவர்களுடைய இணைய மன்றத்தில் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் போர்டில் இரண்டு முனைகள் அதிகம் நெருங்கி இருந்தன. உப்புக்காற்று இல்லாத ஊர்களில் அது ஒரு குறையே இல்லை. இங்கே ஒரே மழைக்காலத்தில் இரண்டுக்கும் நடுவே உப்பு கட்டி, களிம்பு ஏறி, போர்டு புகைந்துவிடும். நான் முனைகளைத் தள்ளி வைத்து, நடுவில் ஒரு கீறல் விட்டு, வரைபடத்தைத் திருத்தி அனுப்பினேன். அடுத்த பதிப்பில் அதைச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. திருத்தம் செய்தவர்களின் பெயரைப் போட மாட்டார்கள். அவரவர் கேட்கிற ஒரு சின்னப் படத்தைப் போர்டின் முதுகில் அச்சடிப்பார்கள். ஒருவர் ரொட்டி கேட்டிருந்தார், ஒருவர் சைக்கிள், இன்னொருவர் குடை. நான் பூனை கேட்டேன். பக்கத்துக் கிடங்கில் ஒரு பூனை தராசுத் தட்டிலேயே படுத்துத் தூங்கும். அதை இறக்கிவிட்டுத்தான் எந்த மூட்டையையும் ஏற்ற வேண்டும்.

நகத்தளவு பூனை. அந்தப் போர்டு கைக்கு வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்துக் கடைச் சேட்டனிடமும் சாயா கொண்டுவருகிறவரிடமும் மூட்டை தூக்குகிறவர்களிடமும் பூதக்கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். பூனைக்கு வால் சரியாக வரவில்லை என்றார் சேட்டன்.

இடக்கொச்சிக்கு நான் போனது ஒரு மீன்கடைத் தராசைப் பார்க்க. விருச்சிக மாதம், அதாவது நம் கார்த்திகை, பிறந்தால் அங்கே வேலியேற்றம் ஆரம்பித்துவிடும். மழை ஒரு சொட்டு இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும், காயல் என்கிற உப்பங்கழி மட்டும் பொங்கி, தோடு என்று இங்கே சொல்கிற வாய்க்காலின் வழியாகச் சந்துக்குள் ஏறி வரும். கடல் தண்ணீரும் சாக்கடைத் தண்ணீரும் சேர்ந்துதான் வரும். அந்தச் சந்தில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். தேனிப் பக்கத்திலிருந்து புருஷனோடு பிழைக்க வந்தவள். அவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடக்கிறார். இவள் ஒரு ஹோட்டலில் விரிப்புகள் துவைக்கும் வேலைக்குப் போகிறாள். படுத்தே கிடப்பதால் அவர் முதுகில் ஒரு புண். அதில் அழுக்குத் தண்ணீர் பட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தண்ணீர் வருமுன் அக்கம்பக்கத்து ஆண்களைக் கூப்பிட்டு, கட்டிலைத் தூக்கி, கால்களுக்கு அடியில் செங்கல் வைக்க வேண்டும். எந்த நாள் வரும் என்று தெரியாததால் அந்த மாதங்களில் பாதி நாள் அவள் வேலைக்குப் போகாமல் வாசலில் நின்று தோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை போய்விடும் நிலைமை.

அவளுக்காகத்தான் நான் அதைச் செய்தேன். தோட்டின் முகப்பில் ஒரு குழாய், அதற்குள் மிதவை, மேலே ஒரு போர்டு. சந்தின் பதினொரு வீடுகளிலும் வீட்டுக்கொரு போர்டும் ஓர் ஆட்டோ ஹாரனும். தோட்டில் தண்ணீர் ஒரு கோட்டைத் தாண்டினால் எல்லா வீட்டிலும் ஹாரன் அடிக்கும், வேலைக்குப் போனவர்களுக்குப் போனும் அடிக்கும். முக்கால் மணி நேரம் கையில் கிடைக்கும். இரண்டு விருச்சிகம் அது தவறாமல் அடித்தது. அவள் ஒழுங்காக வேலைக்குப் போனாள்.

அதில் ஒரு சோம்பேறித்தனம் செய்திருந்தேன். தோட்டுப் போர்டிலிருந்து வீட்டுப் போர்டுகளுக்குச் செய்தி நேராகப் போகவில்லை. கம்பெனி இலவசமாகத் திறந்துவைத்திருந்த சர்வர் வழியாகப் போனது. அறுபதடி தூரத்தில் இருக்கும் ஹாரனுக்குச் செய்தி கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. பன்னிரண்டு போர்டும் என் ஒரு கணக்கில் இருந்தன. இலவசம்தானே, சுலபம்தானே, நம் கம்பெனிதானே என்று விட்டுவிட்டேன்.

பிறகு அந்தக் கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது.

தொடங்கியவர்கள் ஒரு கடிதம் போட்டார்கள். நமது குடும்பம் பெரிதாகிறது, எதுவும் மாறாது என்று அதில் இருந்தது. வீடியோவில் வாயெல்லாம் பல். நாங்கள் ஆயிரம் பேர் ராத்திரி பகலாகத் திருத்திக் கொடுத்ததையும் சேர்த்துத்தான் அவர்கள் விற்றிருந்தார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. இரண்டு மாதத்தில் புதிய விதிமுறைகள் வந்தன. புதிய போர்டுகளின் வரைபடம் இனி வெளிவராது. நாம் ஏற்றுவதை அவர்கள் எப்படியும் பயன்படுத்தலாம். போர்டைப் பிரித்து எப்படி வேலை செய்கிறது என்று ஆராயக் கூடாது. பிரித்துப் பார்த்ததால்தானே ஐயா அந்த உப்புக் கோளாறே தெரிந்தது. சம்மதிக்காத கணக்குகள் இன்ன தேதியில் நிறுத்தப்படும் என்று கடைசியில் ஒரு வரி. மன்றத்தில் கேள்வி கேட்டவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு அந்தப் பகுதியையே பூட்டினார்கள்.

களமசேரியில் ஒரு கல்லூரி அரங்கில் எங்களையெல்லாம் கூப்பிட்டுக் கூட்டம் வைத்தார்கள். போனேன். ஷூ பளபளக்க ஒருவர் மேடையில் அங்கும் இங்கும் நடந்துகொண்டே, இந்தக் குடும்பத்தின் இதயமே நீங்கள்தான் என்றார். வரைபடங்கள் இனியும் திறந்திருக்குமா என்று ஒரு பெண் கேட்டாள். அருமையான கேள்வி என்று அவளைப் பாராட்டிவிட்டு அடுத்தவர் பக்கம் திரும்பிக்கொண்டார். எல்லோருக்கும் ஒரு டீ-ஷர்ட் கொடுத்தார்கள். ரொட்டி, சைக்கிள், குடை எல்லாவற்றையும் அதில் அச்சடித்திருந்தார்கள். என் பூனை அக்குள் பக்கம் வந்திருந்தது.  அருவருப்போடு அங்கே போட்ட பிரியாணியையும் சாப்பிட்டேன், டீ-ஷர்ட்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன். அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த வாரம் அவள் போனில் கேட்டாள்.

"அக்கா, அந்தக் கம்பெனி கை மாறிடுச்சுன்னு சொன்னீங்களே. நம்ம ஹாரன் அடிக்கும்ல?"

"என் பூனை அதில இருக்கற வரைக்கும் அடிக்கும்," என்றேன்.

சம்மதம் தரப்போவதில்லை என்று முடிவுசெய்தேன். வேறு மன்றத்தில் போய் அதை நீளமாக எழுதினேன். உப்பைப் பற்றி எழுதினேன், பூனையைப் பற்றி எழுதினேன், எங்கள் உழைப்பின் மேல் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறவர்களுக்குத் தலையாட்ட மாட்டேன் என்று எழுதினேன். யார் யாரோ பாராட்டினார்கள். பதினொரு வீட்டு ஹாரனையும் அவர்கள் சர்வரிலிருந்து விடுவித்துக்கொள்வேன் என்றும் எழுதினேன். தோட்டிலிருந்து நேராக வீடுகளுக்கு ரேடியோவில் செய்தி அனுப்பும் பொருள்களை வாங்கியும் வைத்தேன். அவை உறை பிரிக்காமல் மேசைமேல் கிடந்தன. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. பிற்பாடு ஒரே ஞாயிற்றுக்கிழமையில்தான் முடித்தேன். ஆனால் அந்த மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் நான் பாராட்டுகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். ஊருக்குத்தான் உபதேசம்.

தேதி வந்தது, போனது. கணக்கை நிறுத்தினார்கள். அன்று சாயங்காலம் நான் அதையும் பெருமையாகப் படம்பிடித்து மன்றத்தில் போட்டேன். வேலியேற்றத்துக்கு இன்னும் பத்து நாளாவது இருக்கிறது என்று என் கணக்கு.

காயலுக்கு என் கணக்கு தெரியாது. நாலாம் நாள் காலை எட்டரை மணிக்கு அவள் ஹோட்டலிலிருந்து கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுக் கிழவி போன் செய்ததாகவும், தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டதாகவும், ஹாரன் அடிக்கவில்லை என்றும் சொன்னாள். குரல் ஏறவில்லை. விவரம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். கடையைப் பூட்டக்கூட இல்லை, ஆட்டோவில் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவளும் அப்போதுதான் வந்திருந்தாள். சந்தில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே தண்ணீர். வீட்டுக்குள் கணுக்காலுக்கு மேல். கறுப்புத் தண்ணீர், அதில் முட்டை ஓடும் பிளாஸ்டிக் உறையும் இன்னும் சொல்லக் கூசுகிறவையும் மிதந்தன. தாழ்ந்த கட்டில் அது. மெத்தையின் அடிப்பாகம் தண்ணீரைக் குடித்துவிட்டிருந்தது. கிழவி ஒருத்தியால் என்ன செய்ய முடியும், ஆண்கள் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். அவரது தோளைப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தபடி முக்கால் மணி நேரம் நின்றிருந்தாளாம். நாங்கள் மூவரும் ஆட்டோக்காரரும் சேர்ந்து கட்டிலைத் தூக்கிச் செங்கல் வைத்தோம். ஈர மெத்தையை உருவிவிட்டு, காய்ந்த போர்வைகளை மடித்துப் போட்டு அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். முதுகுக் கட்டு நனைந்து கறுத்திருந்தது. அவள் அதைப் பிரித்தாள். நான் பார்த்தேன். அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

கொதிக்க வைத்த தண்ணீரால் துடைத்து, அவள் புதுத் துணி கட்டினாள். டாக்டருக்குப் போன் செய்ததில் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன்க்கா அடிக்கல?"

"கம்பெனிக்காரன் நிறுத்திட்டான்."

"ஏன் நிறுத்துனான்?"

அவனைத் திட்டுவதற்கு என்னிடம் ஒரு மாதமாக எழுதிச் சேர்த்த வாக்கியங்கள் இருந்தன. அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு நடந்ததை மட்டும் சொன்னேன்.

"அவன் போட்ட விதிக்குச் சம்மதம்னு அமுக்கணும். நான் அமுக்கல."

"அமுக்கியிருந்தா அடிச்சிருக்குமா?"

"அடிச்சிருக்கும்."

அவள் கை துடைத்த துணியைக் கொடியில் போட்டாள்.

"நீங்க அமுக்காதது சரியாத்தான் இருக்கும்க்கா. எனக்கு அதெல்லாம் தெரியாது. அமுக்கலைன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் இன்னிக்கு லீவு போட்டிருப்பேன்."

சொல்லிவிட்டு வாளியை எடுத்துத் தண்ணீரை வாரி வெளியே ஊற்ற ஆரம்பித்தாள்.

உலகம் பூராவுக்கும் சொன்னேன். வேறு வேறு ஊர்களில் ரொட்டியும் சைக்கிளும் கேட்டவர்களுக்கெல்லாம் தெரியும். இந்தச் சந்தில் ஒரு ஆளுக்கும் தெரியாது. வரைபடத்தை மூடிவிட்டான், ஒளிக்கிறான் என்று அவனைத் திட்டிய வாய் இது. கம்பெனிமேல் எனக்கு இருந்த அருவருப்பு ஒரு குண்டுமணி குறையவில்லை. ஆனால் அன்று அந்த அருவருப்பில் எனக்கும் ஒரு பங்கு சேர வேண்டியிருந்தது.

போனை எடுத்தேன். கை ஈரம், திரை இரண்டு தடவை ஏற்கவில்லை. புடவையில் துடைத்துக்கொண்டு கணக்கைத் திறந்தேன். விதிமுறைகள் பக்கம் வந்தது. மேலே, மீண்டும் வருக என்று எழுதி, ஒரு படம் போட்டிருந்தார்கள். என் பூனை. இப்போது பெரிதாக, வண்ணத்தில், வாலைக்கூட யாரோ சரிசெய்திருந்தார்கள். அது கண்ணை மூடிமூடித் திறந்தது. அதன் காலடியில் ஒரே ஒரு பொத்தான். வேண்டாம் என்பதற்குப் பொத்தானே இல்லை.

அமுக்கினேன்.

ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. செய்தி கடல் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டுமே. பிறகு தலைக்கு மேலே ஹாரன் அலறியது. அடுத்த வீட்டில், அதற்கடுத்த வீட்டில் என்று சந்து முழுக்க, தண்ணீருக்குள் நின்ற பதினொரு வீட்டிலும் அது அடித்தது. அவள் இடுப்பில் செருகியிருந்த போனும் அடித்தது. அவள் அதை எடுக்கவில்லை, வாளியை நிறுத்தவும் இல்லை.

சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தவர் தலையைத் திருப்பாமலே சொன்னார்.

"தண்ணி வருதாம்."