தலை நுழையும் அளவு

தெருவில் அவருக்கு வளையம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் கரண்ட் பில்லில் மட்டும் இருந்தது. "வளையம் இருக்காரா?" என்று யாராவது வாசலில் நின்று கேட்டால், அவர் மனைவி உள்ளிருந்தபடியே, "வளையமும் இருக்கு, ஆளும் இருக்காரு. உங்களுக்கு எது வேணும்?" என்பாள்.

அவர் செய்வதும் அதுதான். கண்ணாடி வளையம், விரலுக்குக் கண்ணாடி மோதிரம், வளையத்துக்குள் வளையம் கோத்த கண்ணாடிச் சங்கிலி. வீட்டின் பின்னறையில் ஓர் இரும்பு மேசை, அதன் மேல் டார்ச், கீழே கேஸ் ஒன்றும் ஆக்சிஜன் ஒன்றுமாக இரண்டு சிலிண்டர்கள். பற்ற வைத்ததும் தீ மஞ்சளாகச் சோம்பல் முறிக்கும். ஆக்சிஜனைத் திறந்தால் ஒடுங்கி, நீலமாகி, ஊசி போல நிற்கும். ரோஜா நிற மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் அந்த ஊசியின் முன் குனிந்துவிட்டால் கூப்பிட்டாலும் காது கேட்காது. "வீடே பத்திக்கிட்டு எரிஞ்சாலும் தீயைக் கொஞ்சம் குறைங்கன்னு சொல்லுவான், எழுந்திருக்க மாட்டான்" என்பாள் அவருடைய அக்கா.

ஆய்வுக்கூடங்களுக்குக் குடுவையும் குழாயும் செய்யும் பட்டறையில் பதினெட்டு வருஷம் இருந்தவர். பட்டறை ஊருக்கு வெளியே இடம் மாறியபோது இவர் கூடப் போகவில்லை. "ஊதுனது போதும்டா, இனிமே கோத்துப் பாரு" என்று சொன்னதும் அக்காதான். அவளுக்கு இவரைவிட ஆறு வயது அதிகம். பஸ் கண்டக்டர். கணவர் இறந்த பிறகு மாடி அறைக்குக் குடிவந்தாள். வந்த மறுநாளே மாடியிலிருந்து விசில் ஊதி இவரை எழுப்பத் தொடங்கினாள்.

சங்கிலி வேலையில் வளையம் செய்வது சுலபமான பாதி. கண்ணாடிக் கம்பியை இளக்கி, தீயில் இளகாத ஒரு கரிக்கோலைச் சுற்றி வளைத்து, இரண்டு முனையையும் தீயில் சேர்த்தால் வளையம். கஷ்டம் கோப்பதில் இருக்கிறது. ஒரு வளையத்தை மூடாமல் வாய் திறந்து வைத்துக்கொண்டு, அதில் மூடிய வளையங்கள் இரண்டைத் தொங்கவிட்டு, பிறகு அந்த வாயை மட்டும் தீயில் காட்டி மூட வேண்டும். தொங்குகிற வளையங்கள் தீயில் படக் கூடாது. பட்டால் ஒட்டிக்கொள்ளும். ரொம்ப விலகினாலும் ஆகாது, ஆறிப்போய் வெடித்துவிடும். முடிந்ததை உடனே சூளைக்குள் வைத்து, நாள் முழுக்க மெதுவாக ஆறவிட வேண்டும். அப்படி ஆறிய கண்ணாடி லேசில் உடையாது. அதில்தான் அவருக்குப் பெருமை.

அக்காவுக்கென்று அவர் சங்கிலி செய்தது நான்கு வருஷத்துக்கு முன்னால். கூடத்தில் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, கொண்டையை அவிழ்க்கச் சொல்லி, நெற்றியையும் பின்மண்டையையும் சுற்றி நூல் பிடித்து அளந்தார்.

"எதுக்குடா தலையை அளக்குற? கழுத்துக்குத்தானே செய்யுற?"

"தலைவழியாத்தானே போடணும். காதை மடக்கிக்கோ."

"மூக்கையும் மடக்கவா?"

"சும்மா இருக்கா."

"ஒரு கொக்கி வெச்சுக் குடேன். ராத்திரி கழட்டி வைக்கணும்ல."

"கொக்கின்னா உலோகம் வரும். கண்ணாடிச் சங்கிலின்னு சொல்லிட்டு, பின்னால தகரத்தை ஒட்டுறதா?"

"என் பின்கழுத்தை யாருடா எட்டிப் பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பேன்."

அக்கா நாற்காலியிலிருந்தே மனைவியைப் பார்த்து, "இந்த ஆளை வெச்சுக்கிட்டு எப்படிம்மா காலம் தள்ளுற?" என்று கேட்டாள். "அண்ணி, நீங்க வளத்த வளர்ப்பு" என்றாள் அவள்.

இன்னும் இரண்டு வளையம் சேர்த்திருந்தால் சங்கிலி தாராளமாக ஏறி இறங்கியிருக்கும். ஆனால் நீளம் கூடினால் இன்னும் கீழே தொங்கும், கூட்டத்தில் யாருடைய பையிலாவது மாட்டும். தவிர, நூல் பிடித்த அளவுக்கு ஒரு வளையம்கூட மிஞ்சாமல் கடைசி வளையத்தையும் கண்ணாடியாலேயே மூடிக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. வழக்கமாக இரண்டரை மில்லி கம்பியில் செய்கிறவர், அக்காவுக்கு நாலு மில்லி எடுத்தார். முடித்த அன்றைக்கு, எது கடைசி வளையம் என்று கண்டுபிடிக்கச் சொல்லி அவளையும் மனைவியையும் அரைமணி நேரம் ஜன்னலோரத்தில் நிறுத்தி வைத்தார். இருவரும் தோற்றார்கள்.

முதல் வாரம் அக்கா தினமும் கொண்டையை அவிழ்த்து, காதை மடக்கி, திட்டிக்கொண்டே கழற்றினாள். பிறகு கழற்றுவதை விட்டுவிட்டாள். அதோடு தூங்கினாள், குளித்தாள், வேலைக்குப் போனாள். காக்கிச் சட்டைக் காலருக்கு வெளியே அது தண்ணீர் போல மின்னும்.

"கண்ணாடியா கண்டக்டரம்மா? உடையாதா?"

"இழுத்துப் பாரு. உடைஞ்சா உனக்கு ஒரு மாசம் டிக்கெட் நான் எடுக்கிறேன்."

இழுத்துப் பார்த்தவர்கள் உண்டு. உடைத்தவர் இல்லை. கேட்டவர்களின் விரல் அளவையும் கழுத்தளவையும் டிக்கெட் பேப்பரின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்து மேசை மேல் வைப்பாள். அவருடைய வேலையில் பாதி அந்த பஸ்ஸில்தான் ஏறி வந்தது.

அன்று செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை மணி இருக்கும். அவர் ஒரு வளையத்தை மூடிக்கொண்டிருந்தபோது மனைவி போனோடு பின்னறைக்குள் ஓடி வந்தாள். தீ எரிகிற நேரத்தில் அவள் அந்த அறைக்குள் வருகிற வழக்கமே இல்லை.

"அண்ணி பஸ்ல விழுந்துட்டாங்களாம். பேச்சு மூச்சு இல்லையாம். டிரைவர் பேசுறாரு."

அவர் முதலில் ஆக்சிஜனை மூடினார், பிறகு கேஸை. கை அதைத் தானாகச் செய்தது. பாதிச் சங்கிலியைச் சூளையில் வைக்கக்கூட நிற்கவில்லை. வாசலில் செருப்பைத் தேடும்போது பின்னறையில் அது டிக், டிக் என்று வெடிக்கும் சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரியில் அவரை நேராக உள்ளே கூப்பிட்டார்கள். அவர் பயந்துபோனார். உறவுக்காரர்களை அவ்வளவு சீக்கிரம் உள்ளே விட்டால் அது நல்லதுக்கு இல்லை என்று எங்கோ கேட்டிருந்தார்.

அக்கா மல்லாந்து கிடந்தாள். வாயில் ஒரு குழாய், அதைப் பிடித்துக் கன்னத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பிளாஸ்திரி. கழுத்தைச் சுற்றித் தாடைவரை அசையவிடாத கனத்த பட்டை. பட்டையின் கீழ் விளிம்பில், காறை எலும்பின் மேல், சங்கிலியின் மூன்று வளையங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. மற்றதெல்லாம் பட்டைக்குள் இருந்தது. தலைமாட்டில் ஆக்சிஜன் சன்னமாகச் சீறியது. பழக்கதோஷத்தில் அவர் கண் அதன் மீட்டர் முள்ளைத்தான் முதலில் பார்த்தது.

வயதான நர்ஸ் ஒருத்தி அவரைத் தோளைத் தொட்டுத் திருப்பினாள்.

"இது நீங்க செஞ்சதாமே? கூட வந்த டிரைவர் சொன்னாரு. இதை எப்படிக் கழட்டுறது?"

"கழட்ட முடியாதுங்க."

"கழட்ட முடியாதா? அப்போ எப்படிப் போட்டீங்க?"

"தலைவழியா."

நர்ஸ் அவரையே பார்த்தாள். தலைக்குள் ரத்தம் கசிகிறது, உடனே திறக்க வேண்டும், அதற்குமுன் காறை எலும்பை ஒட்டிய நரம்பில் ஊசி ஏற்ற வேண்டும், அந்த இடத்தில் எதுவும் இருக்கக் கூடாது என்று மடமடவென்று சொன்னாள். பட்டையை எடுக்க முடியாது. விழுந்ததில் கழுத்தெலும்புக்கு என்ன ஆயிற்றோ தெரியாது, ஒரு இஞ்ச்கூட அசைக்கக் கூடாது. வாயில் குழாய் இருக்கும்போது தலைவழியாக எதை எடுப்பது? வார்டு ஆள் கட்டிங் பிளேயரை வைத்து ஒருமுறை நெரித்துப் பார்த்திருக்கிறான். வளையம் உடையவில்லை, ஒரு சில்லு மட்டும் தெறித்து அக்காவின் கன்னத்தில் கீறியிருக்கிறது. இன்னும் அழுத்தினால் தூளாகிக் கழுத்துக்குள் இறங்கிவிடும் என்று டாக்டர் நிறுத்திவிட்டார்.

"நாலு மில்லி கம்பிங்க அது" என்றார் அவர். ஏன் அதைச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

"ஏதாவது பண்ணுங்க சார்."

"அரம் வேணும். சின்னது போதும். மருந்துக் குப்பியோட கழுத்தைக் கீறி உடைப்பீங்களே, அந்தத் தகடு இருக்கா?"

"அதெல்லாம் முன்னாடி. இப்போ கையாலயே ஒடிக்கிற மாதிரித்தான் குப்பி வருது."

சொல்லிவிட்டு அவளே ஓடினாள். ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அவர் அக்காவின் கட்டிலருகே கையைத் தொங்கப்போட்டு நின்றார். வேலை தெரிந்த கை, அங்கே சும்மா தொங்கியது. அடுத்த வார்டுக்குப் போய்த் தேடி அவள் திரும்பியபோது, துருவேறிய, கட்டைவிரல் நீளத் தகடு ஒன்று கிடைத்திருந்தது.

கையுறை போடச் சொன்னார்கள். முப்பது வருஷமாக வெறும் விரலால் கண்ணாடியைத் தொட்டவருக்கு, ரப்பருக்குள் எதுவும் தெரியவில்லை. நாக்கை அழுத்திப் பார்க்கிற மரக்குச்சி ஒன்றை வாங்கி வளையத்துக்கு அடியில் செருகினார். அதன் கீழே நனைத்த பஞ்சுத் துணி. கீறத் தொடங்கினார். தகடு தேய்ந்த தகடு, வழுக்கியது. கண்ணாடியோ அவர் ஆறவைத்த கண்ணாடி.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"கீறல் விழணும்ங்க. ஒரு இடம் போதாது. ஒரு பக்கம் மட்டும் உடைஞ்சா வளையம் வளையமாத்தான் இருக்கும், இரும்பு மாதிரி விரிச்சு எடுக்க முடியாது. ரெண்டு பக்கம் உடையணும்."

நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள்.

அவர் கீறினார். கீறலில் எச்சிலைத் தொட்டு வைக்கும் பழக்கத்தில் விரலை வாய்வரை கொண்டுபோய், கையுறையைப் பார்த்து, துணியின் ஈரத்தில் தொட்டுக்கொண்டார். கீழே அக்காவின் நெஞ்சு யந்திரத்தின் தாளத்துக்கு ஏறி இறங்கியது. அது இறங்கும்போது மட்டும் கீறினார், ஏறும்போது நிறுத்தினார். "அக்கா, கொஞ்சம் பொறுத்துக்கோ. இதோ ஆச்சு" என்றார். இதையே நாலைந்து முறை சொன்னார். வேறு நாளாக இருந்தால், "கொக்கி கேட்டனேடா" என்று அவள் ஆரம்பித்து ஒரு வாரத்துக்கு விட்டிருக்க மாட்டாள். அவள் ஆரம்பிக்கவில்லை.

முதல் கீறலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். டக். சுத்தமான வெட்டு, ஒரு தூள்கூட விழவில்லை. வளையம் அசையாமல் இருந்தது. எதிர்ப்பக்கம் மறுபடி முதலிலிருந்து. அங்கே தகட்டுக்குக் கோணம் கிடைக்கவில்லை. நர்ஸ் குனிந்து மரக்குச்சியைச் சாய்த்துப் பிடித்தாள். அவளுடைய வியர்வை அவர் மணிக்கட்டில் சொட்டியது. இரண்டாவது டக் கேட்டபோது அரை வளையம் அவர் விரலோடு வந்துவிட்டது. பட்டைக்கு அடியிலிருந்து நர்ஸ் சங்கிலியை உருவினாள். ஒவ்வொரு வளையமாகக் கிணுகிணுத்துக்கொண்டு அது வந்தது. தட்டில் போட்டுவிட்டு, கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அக்காவின் கால்விரல் ஒன்று போர்வைக்கு வெளியே நீட்டியிருந்தது. அதைத் தொடலாம் என்று அவர் நினைப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது.

இருபது நிமிஷம். சுவர்க் கடிகாரத்தில் அவரும் பார்த்திருந்தார்.

வெளியே டிரைவர் அக்காவின் ஒற்றைச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னொன்று பஸ் படியில் எங்கேயோ போய்விட்டது என்றார். "ஒம்பதரை டிரிப்லயே தலை வலிக்குதுன்னு சொன்னாங்க. டீ குடிங்கன்னேன். இந்த டிரிப் முடியட்டும்னாங்க. நான்தான் வண்டியை நிறுத்தியிருக்கணும்." மனைவி சொன்னாள்: "உங்க மேல என்னங்க தப்பு? அண்ணி யார் சொல்லி நின்னிருக்காங்க?"

ஆபரேஷன் முடிந்தது. அக்கா கண் திறக்கவில்லை. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு என்றார்கள், பிறகு அதைச் சொல்வதையும் நிறுத்தினார்கள். மாலையில் பத்து நிமிஷம் உள்ளே விடுவார்கள். அவர் போய் நின்று, அவளுடைய வெறும் கழுத்தைப் பார்ப்பார். நாலு வருஷத்துச் சங்கிலி பதிந்த இடம் சுற்றிலும் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது. பேசச் சொன்னார்கள், நோயாளிக்குக் கேட்கும் என்று. அவருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. எந்தெந்த அளவு வளையம் பாக்கி இருக்கிறது என்று சொன்னார்.

ஆறாம் நாள் காலையில் அக்கா போனாள்.

டாக்டர் சொல்லிவிட்டுத் திரும்பும்போது அவர் பின்னாலேயே வராந்தா முனைவரை போனார். அங்கே போனதும்தான் கேட்க முடிந்தது.

"சார், அந்த இருபது நிமிஷம்..."

"எந்த இருபது நிமிஷம்?"

டாக்டருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. இவர் சங்கிலியைப் பற்றிச் சொன்னார், தகடு, கீறல், ரெண்டு பக்கம் என்று. கையால் காட்டியும் சொன்னார். டாக்டர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"முன்னாடியே ரெண்டு மணி நேரத்துக்கு மேல கசிஞ்சிருக்கு. அப்புறம் இந்த இருபது நிமிஷமும் கசிஞ்சிருக்கும். இதுல எதனாலன்னு நான் எப்படிச் சொல்றது?"

"அது இல்லாம இருந்திருந்தா?"

"பிழைச்சிருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரிஞ்சா சொல்லிடுவேன்."

"சரிங்க" என்றார் அவர்.

டாக்டர் அவர் கையை ஒருமுறை பிடித்து விட்டுப் போனார். வளையம் அங்கேயே நின்றார். கேட்டால் ஒரு பதில் கிடைக்கும், தப்பு உன்னுடையது என்றோ இல்லை என்றோ யாராவது சொல்லிவிடுவார்கள் என்று ஆறு நாளாக நினைத்திருந்தார். இனி அதைக் கேட்க ஆளும் இல்லை.

மனைவி வராந்தாவின் அந்த முனையிலிருந்து கூப்பிட்டாள். "வாங்க. உள்ள யாராவது ஒருத்தர் வந்து அடையாளம் சொல்லணுமாம்."

அவர் போனார்.