கொட்டுவது என்று ஒரு சொல்

என் மேசை இழுப்பறையில் ஒற்றைக் காதில் மாட்டும் ஒரு இயர்போன் இருக்கிறது. சாம்பல் நிறம். அதன் வயர் முனை இந்த ஊரில் விற்கும் எந்தக் கருவியிலும் பொருந்தாது. ஜெனீவாவில், பல நாடுகள் கூடி வாணிபம் பேசும் மண்டபத்தில், மொழிபெயர்ப்பைக் கேட்பதற்காக ஒவ்வொரு இருக்கையிலும் இதை வைத்திருப்பார்களாம். எங்கள் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் ஒருநாள் அதை நினைவில்லாமல் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறிவிட்டார். "திருடினதுதான் மேடம். வேற நல்ல வார்த்தை இருந்தா நீங்க சொல்லுங்க" என்பார். நான் தமிழ் கற்பிப்பவள் என்பதால் இப்படி எதையாவது சொல்லிச் சீண்டிக்கொண்டே இருப்பார்.

தாம்பரத்தில் ஒரே கல்லூரியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தோம். அவர் பொருளாதாரத் துறை, நான் தமிழ்த் துறை. வருடத்தில் பாதி நாள் வகுப்பில் இருப்பார், மீதி நாள் நம் நாட்டு வாணிபக் குழுவுக்கு ஆலோசகராக வெளிநாட்டில். அவர் வாழ்நாளெல்லாம் மல்லுக்கு நின்றது ஒரே விஷயத்தோடுதான். ஒரு நாட்டுக் கம்பெனி தன் சரக்கை உள்ளூரில் விற்பதைவிட மலிவாக இன்னொரு நாட்டுச் சந்தையில் கொண்டுபோய்த் தள்ளும். அங்கிருக்கும் சிறு தொழில்கள் அதோடு படுத்துவிடும். இதற்கு ஆங்கிலத்தில் டம்பிங் என்று பெயர். மறைமலை நகர் ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்துகொடுத்த லேத் பட்டறைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கியதை அவர் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அவர் வீடு இருந்த பொழிச்சலூர்ப் பக்கத்திலேயே அப்படி மூன்று பட்டறைகள் இருந்தன.

ஓய்வு பெற்றதும் புத்தகம் எழுதுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். மனிதர் உள்ளாட்சித் தேர்தலில் சுயேச்சையாக நின்றுவிட்டார். "வார்டு மெம்பர் இறக்குமதியை நிறுத்த முடியுமா சார்?" என்று கேட்டேன். "முடியாது. ஆனா பட்டறைக்காரங்களைச் சங்கமாச் சேர்க்கலாம். சங்கம் இருந்தாத்தான் அந்தச் சரக்குக்கு வரி போடச் சொல்ற மனுவை டெல்லியில வாங்கிப் பார்ப்பான்" என்றார். அந்தச் சங்கத்துக்காகத்தான் அவர் நின்றார். அரசியலில் அவருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது.

வீட்டுத் தமிழ் சரளமாக வந்தாலும் மேடைக்கு எழுத அவருக்கு ஆங்கிலம்தான் வரும்; பேச்சை ஆங்கிலத்தில் எழுதுவார், நான் தமிழாக்க வேண்டும் என்று ஏற்பாடு. முதல் கூட்டத்துக்கு முந்தின நாள்தான் இந்த இயர்போனை என் கையில் கொடுத்தார். "இதுக்குள்ள எத்தனையோ பேர் பேசியிருக்காங்க. ஒருத்தர் முகமும் எனக்குத் தெரியாது. அவங்க தப்பா மொழிபெயர்த்தா சபையில எழுந்து, என் பேச்சுல ஒரு திருத்தம்னு நாங்கதான் சொல்லுவோம். அவங்களைக் கைகாட்டுற வழக்கம் கிடையாது" என்றார். ஏதோ பயணக் கதை சொல்கிறார் என்று தலையாட்டி வைத்தேன்.

டம்பிங் என்பதற்கு அகராதியில் மலிவுக் குவிப்பு என்று இருந்தது. இதைத் தெருமுனையில் யார் கேட்பார்கள் என்று எனக்கு ஒரு இளக்காரம். சுலபமாக இருக்கட்டும் என்று 'கொட்டுவது' என்று எழுதினேன். 'தங்களுக்கு வேண்டாததை யாரோ நம் வாசலில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். இனி அதற்கு இடம் கொடுக்க மாட்டோம்.' என் தமிழை நானே இரண்டு தரம் வாசித்து மகிழ்ந்தேன்.

அன்று மாலை தெருமுனையில் நாற்பது பேர் நின்றிருப்பார்கள். தலைக்கு மேல் விமானம் இறங்கும்போதெல்லாம் சார் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார். மொழிபெயர்ப்புக்காக நிறுத்தி நிறுத்திப் பேசிப் பழகியவர், அதனால் அது அவருக்குச் சிரமமாக இல்லை. அந்தப் பத்தி வந்ததும் கூட்டம் நிமிர்ந்தது. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. தெருவில் மீன் விற்கும் அம்மா ஒருவர் முன்னால் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், எல்லாரும் இன்னான்னாவோ பேசிட்டுப் போறானுங்க. நீ ஒருத்தன்தான் கொட்றதப் பத்திப் பேசினே. அந்த லாரிய மட்டும் நிறுத்திடு, எங்க தெரு ஓட்டு உனுக்குத்தான்."

தெருவின் கோடியில் ஏரிக்கரை. விடிந்தால் அங்கே குப்பை லாரிகள் வந்து கொட்டிவிட்டுப் போகும். யார் அனுப்பும் லாரி என்று கடைசிவரை யாரும் ஒப்புக்கொண்டதில்லை. எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. சாருக்குப் புரியவில்லை. ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் இறக்குமதிச் சரக்கோடு போகும் கன்டெய்னர் லாரிகளை அந்த அம்மா சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "நிச்சயமா நிறுத்தப் பார்க்கறேம்மா" என்றார்.

திரும்பும்போது ஆட்டோவில் சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர், "ஜெனீவால எவ்வளவோ பேசியிருக்கேன் மேடம். ஒருத்தரும் இப்படிக் கை தட்டினதில்ல" என்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? நாளை சொல்லலாம் என்று விட்டேன். மறுநாள் அதே பத்தியை எல்லாக் கூட்டத்திலும் பேச வேண்டும் என்றார். நானும் எழுதிக் கொடுத்தேன். அவர் மனம் நோகக்கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டது பாதிதான் உண்மை. என் சொல்லுக்கு விழுந்த கைதட்டலை விட எனக்கும் மனம் வரவில்லை.

சார் ஜெயித்துவிட்டார். மறுநாள் காலை வாழ்த்துச் சொல்லப் போனால், மீன்கார அம்மாவோடு தெருவே அவர் வீட்டு கேட்டில் நிற்கிறது. "ஏரிக்கரைக்குக் குப்பை லாரி இன்னிக்கும் வந்திச்சு சார்." சார் அவர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். உள்ளே கூப்பிட்டு, அந்தப் பத்தியை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "எப்ப உங்களுக்குத் தெரியும்?" என்றார். "முதல் கூட்டத்திலேயே சார்" என்றேன்.

கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஜெனீவால ஒரே ஒப்பந்தம் மூணு மொழியில இருக்கும். மூணும் மூலம்தான். ஒரு மொழியில ஒத்துக்கிட்டு இன்னொரு மொழியைக் காட்டித் தப்பிக்க முடியாது. நான் தமிழ்ல கையெழுத்துப் போட்டுட்டேன் மேடம்" என்றார். அதற்குப் பிறகு என்னை எதையும் எழுதச் சொல்லவில்லை.

அவருடைய பதவிக்காலம் முழுவதும் குப்பைக்கே போனது. விடியற்காலையில் நாற்காலி போட்டு ஏரிக்கரைப் பாதையில் உட்கார்ந்தார், அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். லாரிகள் நின்றன. பட்டறைக்காரர் சங்கம் உருவாகவே இல்லை. மூன்று பட்டறைகளில் கடைசியாக இருந்ததும் மூடிவிட்டது, இப்போது அங்கே பைக் நிறுத்துகிறார்கள். புத்தகமும் எழுதாமலே, போன வருடம் சார் காலமானார். ஒரு மனிதரின் கடைசி ஆசையை என் ஒரு சொல் தின்றுவிட்டது என்ற உறுத்தல் எனக்குப் போகவில்லை.

போன வாரம் பெருங்களத்தூரிலிருந்து அந்தப் பக்கம் போனேன். மீன்கார அம்மா அதே முனையில் இருந்தார். ஊருக்கே தெரியாத அந்த உண்மையை அவரிடமாவது சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். அவர் மீனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "தெரியும் டீச்சர். ஜெயிச்ச அன்னிக்கு மறாநாளே சாயங்காலம் சார் நடந்தே வந்தாரு. நான் பேசினது வேற, உங்களுக்குக் கேட்டது வேற, தப்பு என்னுதுதான், எனக்குத் தமிழ் சரியா வராதுன்னாரு. ஓட்டு வாங்கிக்கினேன், அதனால லாரிய நிறுத்தறேன்னாரு."

"எழுதிக் கொடுத்தது யாருன்னு சொன்னாரா?"

"ஏன், அவருதானே எழுதினாரு?"

வெட்கத்தோடு அங்கிருந்து நடந்தேன். வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன். என் பேச்சுல ஒரு திருத்தம் என்று, என்னைக் கைகாட்டாமல், அவர் அந்தத் தெருவில் எழுந்து நின்றிருக்கிறார். அப்படித்தான் செய்வோம் என்று இந்த இயர்போனைக் கொடுத்த அன்றே சொல்லியும் இருந்தார். அன்று அவர் சொன்னது நல்ல தமிழ்தான். எனக்குத்தான் கேட்கவில்லை.