பந்து வராத பக்கம்

என் தங்கை மகள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு பையும் இரண்டு ஜோடி ஷூவும்தான் கொண்டுவந்தாள். ஒரு ஜோடி காலில். இன்னொரு ஜோடி நாடாவால் முடிச்சுப் போட்டுக் கழுத்தில் தொங்கியது. பெண்கள் கால்பந்துக் கிளப் ஒன்று அவளைச் சம்பளத்துக்கு எடுத்திருந்தது. கிளப் மைதானத்துக்கு எங்கள் தெருவிலிருந்து ஒரே பஸ்தான். "அக்கா, உன்கிட்ட இருந்தா எனக்குக் கவலை இல்ல" என்று தங்கை சொல்லிவிட்டாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆண்டவன் ஒரு பிள்ளையை வளர்த்து ஆளாக்கி வாசலில் கொண்டுவந்து விட்டான் என்றே எடுத்துக்கொண்டேன்.

ஆள் ஒல்லி. காற்றடித்தால் சாய்ந்துவிடுவாள் போல இருப்பாள். டீமில் அவளுக்குக் குச்சி என்று பெயர் வைத்தார்கள். என் வீட்டுக்காரருக்கு அந்தப் பெயர் கிடைத்தது லாட்டரி விழுந்த மாதிரி. "குச்சி, மின்விசிறியைப் போடப் போறேன், எதையாவது கெட்டியா பிடிச்சுக்கோ" என்பார். அவளும் ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

அவள் வேலை முன்னால் நின்று கோல் போடுவது. ஸ்ட்ரைக்கர் என்றார்கள். கிளப்பில் ஒரு சீசனுக்கு மட்டும்தான் ஒப்பந்தம். சீசன் முடியும்போது பிடித்திருந்தால் வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் போய்வா என்று விடுவார்கள். போய்வா என்றால் எங்கே போவது? அவள் அப்பா வேலை பார்க்கும் துணிக்கடையில் அவளுக்கும் ஓர் இடம் சொல்லிவைத்திருந்தார்கள். "மடிச்ச துணியை விரிச்சு, விரிச்ச துணியை மடிக்கணும் பெரியம்மா. நானா?" என்று ஒருநாள் கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். கண் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் துணி மடிக்கிற வேலை பார்க்கிறவள் நான். எனக்கு அது வருத்தமாக இல்லை. அவளுக்கு எது மூச்சு என்று புரிந்தது.

அவளோடு ஒரே வீட்டில் இருந்தபோதுதான் இப்படியும் ஓர் உழைப்பு உண்டா என்று பார்த்தேன். கால் பெருவிரல் நகம் இரண்டும் கறுத்துப்போய் ஆடிக்கொண்டிருக்கும். "விழுந்தா புதுசு வரும்" என்பாள். சாப்பாட்டைப் பசிக்குச் சாப்பிட மாட்டாள், வேலைக்குச் சாப்பிடுவாள். தூக்கம் வந்துவிட்டால் பாதிப் பேச்சில் எழுந்து போய்விடுவாள். அந்த வயதில் நான் கண்ணாடி முன்னால் நின்றது போக மீதி நேரம்தான் வேலை செய்தேன்.

எல்லாவற்றையும்விட அந்தச் சமையலறை விளையாட்டு. ஸ்டூல்களையும் தண்ணீர்க் குடத்தையும் அங்கங்கே வைத்துவிட்டு நடுவில் வளைந்து வளைந்து நடப்பாள். நடப்பாள், நிற்பாள், தோளுக்கு மேலே திரும்பிப் பார்ப்பாள், சட்டென்று வேறு பக்கம் நழுவுவாள். காலில் ஒன்றும் இருக்காது.

"பந்தே இல்லாம என்னடி விளையாட்டு?" என்றேன்.

"பந்து வர்றதுக்கு முன்னாடி நடக்கிறதுதான் விளையாட்டு பெரியம்மா. பந்து வந்தப்புறம் என்ன இருக்கு, உதைக்க வேண்டியதுதான்."

அப்போது அது எனக்கு விளங்கவில்லை. என் குடம் கவிழாமல் இருந்தால் சரி என்று இருந்துவிட்டேன்.

அவள் டீமில் இறங்கிய முதல் மேட்சுக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். அத்தனை ஜனம், அத்தனை வெளிச்சம், அத்தனை பச்சையாகப் புல்லை நான் பார்த்ததில்லை. எல்லோருடைய தலையும் பந்து போகிற பக்கமெல்லாம் ஒன்றாகத் திரும்பியது. என் தலை மட்டும் திரும்பவில்லை. எனக்குப் பந்து யாருக்கு வேண்டும்? நான் என் பிள்ளையைப் பார்க்கப் போனவள். ஒன்பதாம் நம்பர் சட்டை போட்டுக்கொண்டு ஓடினாள், நின்றாள், திரும்பி ஓடினாள். பந்து அவளிடம் வரவே இல்லை. ஓடி முடித்து மூச்சு வாங்கி மறுபடியும் ஓடினாள். அப்போதும் வரவில்லை. யாரும் கூப்பிடாத வீட்டு வாசலில் போய்ப் போய் நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு.

எங்களுக்குப் பின்னால் ஒருவர், "அந்த ஒன்பதாம் நம்பர் காத்து வாங்க வந்திருக்கு போல" என்றார்.

என் வீட்டுக்காரர் திரும்பினார். "நீங்க டிக்கெட் வாங்கி வந்திருக்கீங்க இல்ல? உக்காந்து வாயை மூடிட்டுப் பாருங்க."

"வாயை மூடுறதுக்கு எதுக்குங்க டிக்கெட்?" என்றார் அவர். சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் மைதானத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். காது மட்டும் சிவந்திருந்தது.

அப்படியே ஒவ்வொரு மேட்சாகப் போனது. டீம் ஜெயித்தது. பம்பரம் என்று ஒரு பெண், ஓரத்தில் ஓடுகிறவள், கோலாகப் போட்டுத் தள்ளினாள். எங்கள் குச்சியின் பெயரில் ஒரு கோல்கூட இல்லை. நான் ஒவ்வொரு தடவையும் கைகூப்பி, "ஆண்டவனே, ஒண்ணே ஒண்ணு" என்று கேட்டேன். அவனுக்கு ஆயிரம் வேலை, இதுவும் ஒன்று என்று தொந்தரவு கொடுத்தேன்.

என் வீட்டுக்காரருக்குக் காத்திருக்கத் தெரியாது. அவர் பஸ் டிரைவர். சிக்னல் மாறுவதற்கு முன்பே ஹாரன் அடிக்கிற ஆள். ஒருநாள் டீமின் கேப்டன் அவருடைய பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். நடுவில் நின்று ஆடுகிறவள் அவள்தான், பந்து யாருக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்கிறவளும் அவள்தான். இவர் கடைசி ஸ்டாப்பில் அவளை நிறுத்திப் பேசியிருக்கிறார்.

"தாயி, எங்க பொண்ணும் மாடா ஓடுது. அதுக்கும் ஒரு பந்து குடும்மா. சீசன் முடியப் போகுது. கோல் இல்லாம போனா அதைத் துணிக்கடைக்கு அனுப்பிடுவாங்க."

கேப்டன் நல்ல மனசுக்காரி. "சரிப்பா, பாத்துக்கிறேன்" என்றிருக்கிறாள். இவர் இதை எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டே குளித்தார். நான் வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த மேட்சில் பந்து எல்லாம் குச்சிக்கே வந்தது. முதல் பந்து வந்ததும் நான் எழுந்தே நின்றுவிட்டேன். இவர் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது. கொஞ்ச நேரத்தில் எதிர் டீம் விஷயத்தைப் பிடித்துக்கொண்டது. அவளைச் சுற்றி மூன்று பேர் சுவர் மாதிரி நின்றார்கள். வாங்குவாள், இழப்பாள், வாங்குவாள், விழுவாள். அந்தப் பக்கம் பம்பரம் பந்தே இல்லாமல் கையை விரித்துக்கொண்டு நின்றாள். பாதி ஆட்டத்தில் கோச் எங்கள் பெண்ணை வெளியே எடுத்து உட்கார வைத்துவிட்டார். டீம் தோற்றது.

வீட்டுக்கு வந்து குச்சி ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"பெரியப்பா, கேப்டன் அக்காகிட்ட போய்ப் பேசினீங்களா?"

இவர் தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்காகத்தாம்மா..."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "என் மேலயும் தப்பு இருக்கு பெரியப்பா. பந்து வரவும் எனக்கும் ஆசை வந்துடுச்சு. நின்னு நின்னு வாங்கினேன். ஓட மறந்துட்டேன்." பிறகு எழுந்தாள். "வாங்க, காட்டுறேன்."

ஃப்ரிட்ஜ் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு அவரை உட்கார வைத்தாள். "இந்த ஃப்ரிட்ஜ்தான் கோல். நீங்க எதிர் டீம். நான் எங்க போனாலும் என்னை விடக் கூடாது."

"விடுவேனா? முப்பது வருஷமா பஸ் ஓட்டுறேன், யாரையும் ஓவர்டேக் பண்ண விட்டதில்ல."

அவள் ஃப்ரிட்ஜை நோக்கி ஓர் அடி வைத்தாள். இவர் எழுந்தார். அவள் சட்டென்று திரும்பிப் பாத்திரம் கழுவுகிற தொட்டிப் பக்கம் போனாள். இவரும் பின்னாலேயே போய் ஒட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் பெரிய வெற்றி.

"பிடிச்சிட்டேன் பாத்தியா!"

"பிடிச்சிட்டீங்க. இப்ப ஃப்ரிட்ஜ் முன்னாடி யாரு இருக்கா?"

இவர் திரும்பிப் பார்த்தார். நான்தான் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். ஃப்ரிட்ஜுக்கும் எனக்கும் நடுவில் காலி ஸ்டூல்.

"பெரியம்மா, இப்ப உங்ககிட்ட பந்து வந்தா?"

"நான்கூட கோல் போட்டுடுவேன்டி" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இவர் தொட்டி ஓரத்தில் அப்படியே நின்றார். "அப்ப என்னை ஏமாத்திக் கூட்டிட்டு வந்தியா?"

"எல்லாரையும் அப்படித்தான் பெரியப்பா கூட்டிட்டுப் போறேன். நான் அவங்களை இழுத்துட்டுப் போனா அந்த இடம் காலியாகும். பம்பரம் அதுல வந்துடுவா. எனக்குப் பந்து வந்தா நல்லதுதான். வராத பக்கம் ஓடுறதும் வேலைதான். கோச்சுக்குத் தெரியும். மேல ஆபீஸ்ல இருக்கிறவங்க கோலை மட்டும்தான் எண்ணுவாங்க, அதான் எனக்கும் பயம்."

இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "நான் வேணா கோச்சைப் பாத்துப் பேசட்டுமா?"

"ஐயோ பெரியப்பா! உங்களுக்குப் புண்ணியமா போகும், இனிமே யாரையும் பாக்காதீங்க."

அன்றைக்குப் படுக்கப் போகும் முன் கைகூப்பி நின்றேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. இத்தனை நாள் அவளுக்கு ஒரு கோல் கேட்டேன். அவளோ அதை இன்னொருத்திக்குக் கொடுக்க ஓடிக்கொண்டிருந்திருக்கிறாள். இந்த வயதில் இப்படி ஒரு மனசை எங்கே வாங்கினாள்? நான் இத்தனை வருஷமாகக் கும்பிடுகிறேன், எனக்கு வந்ததில்லை. "அவ ஓடுறது வீண் போகக் கூடாது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தேன்.

கடைசி மேட்சில் அவளை வெளியேதான் உட்கார வைத்திருந்தார்கள். ஆட்டம் சமமாகவே போய்க்கொண்டிருந்தது. முடியப் போகிற நேரத்தில் கோச் அவளை எழுப்பி அனுப்பினார். உள்ளே ஓடும்போதே கேப்டன் காதில் ஏதோ சொன்னாள். கேப்டன் தலையை ஆட்டினாள். "எனக்குக் குடுக்காதீங்கக்கா, பம்பரத்தைப் பாருங்க" என்று சொன்னாளாம். பிறகு தெரிந்தது.

இந்தத் தடவை எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரிந்திருந்தது. கேப்டனிடம் பந்து இருந்தது. குச்சி கோலை நோக்கி ஓர் அடி வைத்து, சட்டென்று ஓரமாகத் திரும்பி உயிரைக் கொடுத்து ஓடினாள். இரண்டு பேர் அவள் பின்னாலேயே ஓடினார்கள். நடுவில் ஸ்டூல் காலி. பம்பரம் அங்கே வந்தாள், பந்தும் வந்தது, கோல். மைதானமே எழுந்து அலறியது. எல்லோரும் பம்பரத்தின் மேல் விழுந்து கட்டிப்பிடித்தார்கள். எங்கள் பெண் தூரத்தில், ஓடிய வேகத்தில் விழுந்து, புல்லில் கிடந்தாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்தாள். சாக்ஸை முழங்கால் வரை இழுத்துவிட்டாள். தனியாகச் சிரித்துக்கொண்டே தன் இடத்துக்கு ஓடினாள். என் கண் நிறைந்துவிட்டது. இவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தொட்டிப் பக்கம் போயிட்டாடி" என்றார்.

இரண்டு நாள் கழித்து கிளப் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். நடையில் ஒரு பெஞ்சு. உள்ளே கோச்சும் மேனேஜரும். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"ஸ்ட்ரைக்கர்னு எடுத்தோம், ஒரு கோல்கூட இல்ல. இன்னொரு சீசன் எப்படி வெச்சுக்கிறது?" என்றது மேனேஜர் குரல்.

"கோல் போட்டவளையே கூப்பிட்டிருக்கேன் சார், கேளுங்க" என்றார் கோச்.

குச்சி என் கையைப் பிடித்திருந்தாள். பம்பரம் வந்தாள். எங்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு உள்ளே போனாள்.

"சார், நான் போட்டதுல பாதி குச்சியோட ஓட்டம். என் முன்னாடி ஆளே இருக்க மாட்டாங்க. எங்க போனாங்கன்னு பாத்தா இவ பின்னாடி ஓடிட்டு இருப்பாங்க. இவளை அனுப்பிட்டு அடுத்த சீசன் என்னைக் கோல் கேக்காதீங்க."

உள்ளே மேனேஜர் சிரிக்கிற சத்தம் கேட்டது. கோச் வெளியே வந்து, "லீவுல உடம்பு ஏத்து. காத்துல பறந்துடாதே" என்றார். இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். பஸ்ஸில் வரும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இறங்க வேண்டிய இடம் வந்தும் எழுப்ப மனம் வரவில்லை. ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்தோம்.

அவளுடைய முதல் கோல் அடுத்த சீசனில்தான் வந்தது. டீமுக்குப் புதிதாக ஒரு சின்னப் பெண் வந்திருந்தாள். அவள் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு ஓரமாக ஓடினாள். பந்து காலி இடத்துக்கு வந்தது. எங்கள் குச்சி அங்கே இருந்தாள். பந்தை ஒரு தட்டுத் தட்டினாள், அவ்வளவுதான். மைதானம் இடிந்து விழுகிற மாதிரி சத்தம். பின்னால் அந்தப் பழைய ஆள்கூட "ஒன்பதாம் நம்பர்!" என்று கத்தினார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பிடித்து உலுக்கினார். "கோல் போட்டது நம்ம பொண்ணுடி! நீ எங்க பாத்துட்டு இருக்கே?"

நான் தூரத்தில் புல்லில் கிடந்த அந்தப் புதுப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இருங்க" என்றேன். "அது எந்திரிக்குதான்னு பாக்கிறேன்."